கப்பல் தட்டும் கரை மணலும்: அரசரத்தினத்தின் கடல் வணிக வரலாறும் ராயபுரத்துப் படகோட்டிகளும்

1. கேள்வி

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-இல் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ பாதையில் போகும்போது, நிலையங்களின் பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டால் பழைய ஏற்றுமதி வணிகம் ஒன்றின் தடம் தெரியும். வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய தறித்துணியைக் கப்பலேற்றும் முன் வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு. காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். காலெட்பேட்டை என்பதுதான் மக்கள் வாயில் இப்படி ஆயிற்று. 1708-இல் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூரும் எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கமும் இருந்தன. நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு ஆகியவை மற்ற மூன்று.

நெய்தவர்களுக்கு ஒரு பேட்டை இருக்கிறது, வெளுத்தவர்களுக்கு ஒரு பேட்டை இருக்கிறது. அந்தத் துணி மூட்டைகளை அலையைக் கடந்து கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தவர்களின் ஊர் ராயபுரம். இயேசுவின் சீடர்களில் மீனவரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பார்கள். அவர் பெயரில் 1829-இல் படகுக்காரர்கள் எழுப்பிய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. ஊர்ப்பெயரும் ராயப்பரிடமிருந்தே வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

சோழமண்டலக் கரையின் கடல் வணிகத்தை ஆவணங்களிலிருந்து எழுதிய வரலாற்றாசிரியர்களில் முதல் வரிசையில் நிற்கும் தமிழர் சின்னப்பா அரசரத்தினம். வணிகர்களைப் பற்றி அவர் நூல் நூலாக எழுதினார். நெசவாளர்களைப் பற்றியும் ஆழமான கட்டுரைகள் எழுதினார். கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு செலுத்தியவர்கள் மட்டும் அவருடைய எழுத்தில் ஓரமாக வந்து ஓரமாகவே போய்விடுகிறார்கள். இது ஏன் நேர்ந்தது, அதனால் வரலாற்றுக்கு என்ன இழப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குறை காண்பது நோக்கமில்லை. அவர் திறந்த வழி எதுவரை போகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு அப்பால் எப்படிப் போவது என்று நாம் யோசிக்க முடியும்.

2. நவாலியிலிருந்து ஆர்மிடேல் வரை

அரசரத்தினம் 1930-இல் யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, லண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். இலங்கையில் 1658 முதல் 1687 வரையிலான டச்சு அதிகாரத்தைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1958-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1658 யாழ்ப்பாணம் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போன ஆண்டு. நாகப்பட்டினம் கைமாறியதும் அதே ஆண்டில்தான். தன் ஊரைப் பிடித்தவர்கள் எழுதி வைத்த காகிதங்களை, அவர்களுடைய மொழியைக் கற்று, அவர்களுடைய நாட்டுக் காப்பகத்தில் உட்கார்ந்து படித்த இளைஞர் அவர். டச்சு மொழி அவருக்குக் கடைசிவரை முதன்மையான கருவியாக இருந்தது. டச்சு ஆளுநர் ஃபன் கொல்லெனெஸ்ஸின் நிர்வாகக் குறிப்பையும், ஃபிரான்சுவா வாலன்டைன் இலங்கையைப் பற்றி எழுதிய விரிவான வருணனையையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிப்பித்தார். அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்குப் பயன்படும் இப்படிப்பட்ட பதிப்பு வேலை நம்மிடையே உரிய மதிப்பைப் பெறுவதில்லை.

1960-களின் தொடக்கத்தில் அவர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தனிநாயகம் அடிகள் அங்கே இந்தியவியல் துறையை நடத்திய காலம் அது. 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதும் அதே நகரில்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள இந்தியர்களைப் பற்றி அரசரத்தினம் எழுதிய நூல் 1970-இல் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியேற்றம் அதில் முக்கியமான பகுதி. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உழைப்பாளிகள்மீது அக்கறை இல்லாததால்தான் அவர் படகோட்டிகளைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால், அந்த நூலே மறுப்பாக நிற்கும்.

1970-களின் தொடக்கத்தில் அவர் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆர்மிடேல் கடலைவிட்டு விலகி, சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்து மேட்டுநிலத்தில் உள்ள ஊர். சோழமண்டலக் கரையைப் பற்றிய அவருடைய பெரிய நூல்கள் அங்கிருந்தே வந்தன. 1650 முதல் 1740 வரையிலான வணிகர்கள், கம்பெனிகள், வாணிபம் பற்றிய நூல் 1986-இலும், 17-ஆம் நூற்றாண்டுக் கடல்சார் இந்தியாவைப் பற்றியது 1994-இலும், 1750–1800 காலத்துத் தென்கிழக்கு இந்தியாவில் கடல் வாணிபமும் ஆங்கிலேய அதிகாரமும் பற்றியது 1996-இலும் வெளியாயின. 1998-இல் அவர் காலமானார்.

3. அவர் நிறுவியது என்ன

அரசரத்தினம் எழுத வந்தபோது ஆசிய வணிகம் பற்றிய விவாதத்தின் மையத்தில் இருந்தவர் டச்சு அறிஞர் யாகோப் ஃபன் லூர். 1934-இல் ஆய்வேடு எழுதியவர். 1942-இல் ஜாவாக் கடல் போரில் இறந்துபோனார். அவருடைய எழுத்து 1955-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகே பரவலாகப் படிக்கப்பட்டது. ஐரோப்பியரின் கப்பல் தட்டிலும் கோட்டை மதிலிலும் பண்டகசாலை மாடத்திலும் நின்றுகொண்டு ஆசியாவைப் பார்க்கும் வரலாற்றை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அவரே ஆசிய வணிகர்களில் பெரும்பாலோரைச் சிறு மூட்டை தூக்கி ஊர் ஊராகப் போகும் சில்லறை வியாபாரிகளாகச் சித்தரித்தார். பார்க்கும் இடத்தை மாற்றச் சொன்னவர், அங்கிருந்து தெரிந்ததைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்பது என் எண்ணம்.

சோழமண்டலக் கரையைப் பொறுத்தவரை இந்தச் சித்திரம் பொருந்தாது என்பதை டச்சு, ஆங்கிலக் கம்பெனி ஆவணங்களைக் கொண்டே அரசரத்தினம் காட்டினார். பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து அச்சே, கெடா, மலாக்கா, பெகு எனக் கப்பல் விட்ட சூலியா முஸ்லிம் வணிகர்களும், கோமுட்டி, பலிஜா, பேரிச் செட்டி வணிகர்களும் முதலும் முகவர்களும் கடன் வசதியும் கொண்ட பெரும் வணிகர்களாக அவருடைய நூல்களில் எழுந்து வருகிறார்கள். சென்னையில் ஆங்கிலேயரின் தலைமை வணிகராக இருந்து 1680-இல் இறந்த காசி வீரண்ணாவை எடுத்துக்கொள்ளலாம். அவரில்லாமல் கம்பெனியால் துணிக் கொள்முதல் செய்ய முடியாத நிலை இருந்தது. ஒரே மனிதரை நம்பி இருப்பதற்குப் பதிலாக உள்ளூர் வணிகர்கள் பலர் முதலைச் சேர்த்துக் கூட்டாக ஒப்பந்தம் செய்யும் முறையை 1660-களில் டச்சுக்காரர்கள் தொடங்கியிருந்தார்கள். வீரண்ணா இறந்த பின் சென்னையிலும் அந்த முறை வந்தது. பங்கு நிறுவனம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

வடசென்னைக்கு இன்னும் நெருக்கமானது பழவேற்காட்டுக் கதை. 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு டச்சுக்காரர் 1690 வரை சோழமண்டல வணிகத்தை நடத்தினர். பிறகு தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. துணியோடு அடிமைகளும் இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்குப் போனார்கள். பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்களில் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடலின் அடிமை வணிகம் பற்றி அரசரத்தினம் தம் கடைசிக் காலத்தில் தனியே எழுதினார். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கம்பெனிக்காரர்களின் பெயரும் ஆண்டும் பட்டமும் கருங்கல்லில் அழியாமல் இருக்கின்றன. கப்பலில் போன அடிமைகளின் பெயர்களுக்கு அங்கே கல் இல்லை. அவர்களில் சிலரையேனும் ஆவணத்திலிருந்து மீட்டுப் பேசியவர் என்பதற்காகவே அரசரத்தினத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவருடைய மிக வலுவான வாதம் காலத்தைப் பற்றியது. வாஸ்கோ ட காமா வந்த 1498-லேயே இந்தியக் கடல் வணிகம் வீழத் தொடங்கியது என்ற பாடப்புத்தகப் படத்தை அவர் ஏற்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உள்ளூர்க் கப்பல்களும் உள்ளூர் முதலும் தாக்குப்பிடித்தன என்றும், ஆங்கிலேயர் நிலத்தின்மேல் ஆட்சியுரிமை பெற்று அந்த அதிகாரத்தைத் தறிமேலும் துறைமேலும் செலுத்திய பிறகே நிலை குலைந்தது என்றும் காட்டினார். தபன் ராய்சௌதுரி 1962-இல் எழுதிய சோழமண்டல நூலில் டச்சுக் கம்பெனியே கதாநாயகன். சூரத்து வணிகர்களைப் பற்றி அஷின் தாஸ்குப்தா 1979-இல் எழுதியபோதும், அரசரத்தினம் 1986-இல் எழுதியபோதும் கதாநாயகர் இடத்துக்கு உள்ளூர் வணிகர் வந்தார். சஞ்சய் சுப்ரமணியம் பிறகு வந்து, வணிகத்தையும் வரி வசூல் குத்தகையையும் அரசியலையும் ஒரே கையில் வைத்திருந்த மனிதர்களைக் காட்டி, வணிகர் என்ற வகையே அவ்வளவு தனித்து நின்றதில்லை என்றார். இந்த விவாதம் செழிப்பானது. ஆனால் கூர்ந்து பார்த்தால், இதில் பங்குகொண்ட எல்லாரும் முதல் வைத்திருந்தவர்களைப் பற்றியே பேசுகிறார்கள்.

4. ஒரு மைல் கடல்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த இரண்டரை நூற்றாண்டை இன்று கற்பனை செய்வது கடினம். 1639-இல் ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த இடம் திறந்த மணற்கரை. ஆழமான ஆற்று முகம் கிடையாது, அலையைத் தடுக்கத் தீவும் கிடையாது. கப்பல்கள் ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. இங்கிலாந்திலிருந்து ஆறு மாதம் கடலில் வந்தவரும் சரி, லண்டனுக்குப் போக வேண்டிய துணி மூட்டையும் சரி, கரையோர அலையைக் கடக்காமல் வரவோ போகவோ முடியாது. வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபரில் கப்பல்கள் கரையைவிட்டு விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1746 அக்டோபர் புயல் காட்டியது. சென்னையை அப்போதுதான் பிடித்திருந்த பிரெஞ்சுக் கடற்படையின் கப்பல்கள் அதில் சிதறிப்போயின.

அந்த அலையைக் கடந்தது ஐரோப்பியப் படகு இல்லை. ஆணி அடித்து விலாச்சட்டம் வைத்துக் கட்டிய படகு, அலை தரையில் மோதும் இடத்தில் பிளந்துவிடும். இங்கே ஓடியது சலங்கு. ஐரோப்பியர் எழுத்தில் அது மசூலாப் படகு. பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் நாரையோ வைக்கோலையோ திணித்து, அதன்மேல் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைப்பார்கள். உள்ளே விலாச்சட்டம் கிடையாது. தரையில் இடிக்கும்போது பக்கங்கள் உள்வாங்கி, அடி வாங்கியபின் மறுபடி நிமிரும். தையல் வழியே தண்ணீர் கசியும், ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கசிவது குறைபாடாகத் தோன்றலாம், ஆனால் நெகிழ்ந்து கொடுக்கும் படகுக்கு அது தவிர்க்க முடியாத விலை. எட்டுப் பத்துப் பேர் துடுப்பு வலிக்க, பின்னால் நிற்பவர் நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார். எந்த அலையில் ஏறுவது, எந்த அலைக்குக் காத்திருப்பது என்ற முடிவு அவருடையது. பல ஆயிரம் ரூபாய் சரக்கின் கதி அந்த ஒரு முடிவில் இருந்தது.

சலங்கு போக முடியாத நாளில் கட்டுமரம் போனது. கரையிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து கரைக்கும் கடிதங்களைத் தண்ணீர் புகாத கூம்புத் தொப்பியில் செருகித் தலையில் அணிந்துகொண்டு நீந்தியும் துழாவியும் சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். வில்லியம் டாம்பியர் 1697-இல் அச்சிட்ட பயண நூலின் வழியாகக் கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குள் போயிற்று. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் எழுதிய கடிதங்களைத்தான் அரசரத்தினம் காப்பகங்களில் படித்தார். அந்தக் கடிதங்களில் எத்தனையோ அந்தத் தொப்பிகளில் பயணம் செய்தவை என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

5. ஆவணம் எங்கே நிற்கிறது

இவர்கள் ஏன் வரலாற்றுக்குள் வரவில்லை? ஆவணத்தின் அமைப்பே பாதி விடை என்று கருதுகிறேன். கம்பெனி எழுத்தர் துறைக்கு வந்த கப்பலைப் பதிவு செய்வார். நகுதா எனப்படும் கப்பல் தலைவரின் பெயர், உரிமையாளர் பெயர், எங்கிருந்து வந்தது, என்ன சரக்கு, எங்கே போகிறது என்று வரிசையாக எழுதுவார். அந்தப் பதிவுகளைப் பல்லாண்டுகளுக்குச் சேர்த்து வைத்தால் ஒரு வணிகரின் உயர்வும் தாழ்வும் கண்ணுக்குத் தெரியும். அரசரத்தினம் இதைப் பொறுமையாகச் செய்தார். சலங்கோ ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போவதில்லை. ஒரே நாளில் பலமுறை போய் வரும் அந்த ஒரு மைலுக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. படகோட்டி எழுத்தில் வருவது பெரும்பாலும் கூலிக் கணக்கில். மற்றபடி சரக்கு நனைந்ததென்றும் குறைந்ததென்றும் புகார் எழும்போது வருவார், இல்லையென்றால் படகு இறக்க மறுத்த நாளில் வருவார்.

மற்றப் பாதி, வரலாற்றாசிரியர் கேட்ட கேள்வியில் இருக்கிறது. ஆசிய வணிகர் சில்லறை வியாபாரியா, பெரும் முதலாளியா என்பது ஃபன் லூர் விட்டுச் சென்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முதலையும் கப்பலையும் எண்ணினால் போதும். அலையைக் கடக்கும் திறமையை எண்ண வேண்டிய தேவை அந்தக் கேள்வியில் எழவே இல்லை. கப்பல் தட்டைவிட்டு இறங்கச் சொன்ன ஃபன் லூரும், இறங்கி வணிகர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த அரசரத்தினமும், நடுவே தாங்கள் கடந்து வந்த படகை நின்று பார்க்கவில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் சொல்லலாம். படகோட்டிகள் நீண்ட சங்கிலியில் சிறு கண்ணி, அவர்களை விட்டாலும் வணிக வரலாறு மாறாது என்று. நான் இதை ஏற்கவில்லை. பருவம் முடிவதற்குள் கப்பல் கிளம்ப வேண்டிய துறையில், ஒரு நாளில் எத்தனை மூட்டை ஏற்ற முடியும் என்பதைத் தீர்மானித்தது படகின் எண்ணிக்கையும் துடுப்புப் பிடிக்கும் கையின் எண்ணிக்கையும்தான். முதல் எவ்வளவு இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. அந்தத் தொழில் சில கடலோரச் சமூகங்களின் கையில் மட்டும் இருந்ததால், அவர்கள் கூட்டாக மறுத்தால் வணிகமே நின்றுவிடும். ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ரவி அகூஜா 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிச் சென்னைத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது படகோட்டிகளுக்கு உரிய இடம் கொடுத்தார். அரசரத்தினம் படித்த அதே வகைக் கம்பெனிக் காகிதங்களில், வேறு கேள்வி கேட்டதால், வேறு மனிதர்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆகவே ஆவணம் இல்லை என்ற சமாதானம் முழுமையானது ஆகாது.

6. படகை அளந்தவர்

படகை நின்று பார்த்த அறிஞர் ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் ஹார்னெல், 1865-இல் பிறந்த ஆங்கிலேயர். இலங்கையின் முத்துக்குளிப்பு ஆய்வுக்காக வந்து, பிறகு சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து, இயக்குநராகி, 1924 வரை பணிபுரிந்தார். சங்கு பற்றி 1914-இல் அவர் எழுதிய நூலும், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920-இல் கல்கத்தா ஆசியக் கழகம் வெளியிட்ட ஆய்வும், உலக நீர்ப் போக்குவரத்தின் தொடக்க வரலாறாக 1946-இல் வந்த பெருநூலும் இன்றும் அடிப்படை நூல்கள். எத்தனை மரத்துண்டுகள், எங்கே கட்டு, தையலின் கயிறு எப்படி ஓடுகிறது என்று அவர் கை வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அரசரத்தினத்திடம் இல்லாதது ஹார்னெலிடம் இருக்கிறது. அரசரத்தினத்திடம் இருந்தது அவரிடம் இல்லை. படகை அவர் இனங்களின் இடப்பெயர்வுக்குச் சான்றாகப் பார்த்தார். ஒரு வடிவம் பாலினேசியாவிலிருந்து வந்ததா, அரபு நாட்டிலிருந்து வந்ததா என்பதே அவரைத் துரத்திய கேள்வி. அந்தப் படகை ஓட்டியவருக்கு என்ன கூலி, படகு யாருக்குச் சொந்தம், யாரிடம் கடன் என்ற கேள்விகள் அவர் படகு ஆய்வில் பின்னுக்குப் போயின. இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் சென்னையில் பணியாற்றிய அதே ஆண்டுகளில் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தைத் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே அரசின் இரண்டு அதிகாரிகள் ஒரே கடற்கரையில் வேலை செய்தார்கள். ஒருவர் படகை அளந்தார், மற்றவர் அந்தப் படகுக்கு வேலையில்லாமல் செய்யும் சுவரை எழுப்பினார். இவ்விரண்டு செயலையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு வரலாறு அப்போது எழுதப்படவில்லை.

7. சுவருக்கு வடக்கே

அந்தச் சுவரின் கதை சுருக்கமாக. 1861-இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஏறக்குறைய முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அலைதாங்கிகளைப் பெயர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கி இருந்த வாயில் அலைக்கும் மணலுக்கும் திறந்தே கிடந்ததால், 1904-இல் பொறுப்பேற்ற ஸ்பிரிங் அதை அடைத்து வடகிழக்கு மூலையில் புதுவாயில் திறந்தார். கப்பல் சுவரோரம் வந்து நின்றதும் சலங்கின் காலம் முடிந்தது.

கடலுக்குள் நீட்டிய கல் வேறொரு வேலையும் செய்தது. இக்கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தெற்கே மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்று வளர்ந்தது. மணல் வராததால் வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. இன்று காசிமேட்டுக்கு வடக்கே மணலுக்குப் பதில் பாறைக் குவியலைத்தான் பார்க்கிறோம். படகு இழுத்து வைக்க மணல் இல்லாத மீனவக் குப்பம் என்பது எப்படிப்பட்ட நிலை என்று நாம் யோசிக்க வேண்டும். முதலில் சலங்கோட்டியின் தொழிலை எடுத்துக்கொண்ட துறைமுகம், பிறகு அவர் சந்ததியின் கரையையும் எடுத்துக்கொண்டது. எண்ணூரில் 2001-இல் வந்த துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி, அதற்கும் வடக்கே பழவேற்காடு என அதே கேள்வி நகர்ந்து கொண்டிருக்கிறது.

சென்னைக் கடற்கரை மீனவர்கள் நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காற்றுக்குக் கச்சான், கொண்டல், வாடை என்ற பெயர்கள் உண்டு. மணலை நகர்த்தும் நீரோட்டத்துக்குப் பொறியாளரின் வரைபடம் வரும் முன்பே பெயரிட்டு வைத்த அறிவு இது. கடல்சார் வரலாறு எழுதுகிறவருக்கு இது ஆவணமா? நிச்சயமாக ஆவணம்தான். நகுதாவின் பெயரைக் கம்பெனி எழுத்தர் குறித்து வைத்ததைப் போலவே, நீரோட்டத்தின் பெயரை ஒரு சமூகம் நாவில் குறித்து வைத்திருக்கிறது. அந்த இரண்டையும் ஒரே மேசையில் வைக்கக் கூடியவர் இனிமேல்தான் வர வேண்டும்.

8. செய்ய வேண்டியது

அரசரத்தினத்தின் பணி முறையில் நாம் பின்பற்ற வேண்டியது அவருடைய மொழி உழைப்புதான் என்று உறுதியாக நம்புகிறேன். டச்சு தெரியாமல் பழவேற்காட்டை எழுத முடியாது என்று அவர் இருபது வயதுகளிலேயே புரிந்துகொண்டார். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஹேக் நகருக்குப் போக வேண்டியதில்லை, ராயபுரத்திலிருந்து பேருந்தில் போனால் போதும். நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளில் ஆண்டுக்கு இரண்டு மாணவர்களுக்கேனும் பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதே அளவுக்குக் கரையில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சலங்குகளுக்கு உரிமமும் எண்ணும் இருந்தன. படகு உரிமையாளர்களுக்கும் துடுப்புக்காரர்களுக்கும் இடையே கணக்கு இருந்தது. தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் எழுதப்பட்டன. இத்தகைய காகிதங்கள் அரசுக் காப்பகத்துக்கு வெளியே, குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கக் கூடியவை. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் படகு உரிமச் சீட்டோ, கூலி நோட்டோ, துறைமுகத்து அடையாளத் தகடோ கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் அதைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் படகின் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள்.